மங்கோலிய மரணப் புழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"உலகின் பத்து மர்ம உயிரினங்கள்" என்று தமிழில் யாராவது வீடியோ போட்டால் அதில் கோபி பாலைவனத்துப் புழு நிச்சயம் இருக்கும். நான் பாம்புகளைப் பற்றி எழுதுகிறவன் என்பதால் மறுநாளே எனக்குக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். ஆள்தான் மாறுகிறாரே தவிர கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதில்களை ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன். மேலிருந்து வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

இந்த மரணப் புழுங்கிறது என்ன? சுருக்கமா சொல்லுங்க.

மங்கோலியாவின் தென்பகுதியில், கோபி பாலைவனத்து மேய்ப்பர்கள் சொல்லும் ஒரு பயங்கரப் பிராணி. அவர்கள் மொழியில் ஒல்கோய் ஹோர்ஹோய், அதாவது பெருங்குடல் புழு. கிட்டத்தட்ட இரண்டு அடியிலிருந்து ஐந்து அடி நீளம், தடித்த உடம்பு, கருஞ்சிவப்பு நிறம். தலை எது வால் எது என்று தெரியாது. கால் இல்லை, கண் தெரியாது. வருடம் முழுக்க மணலுக்குள் கிடந்துவிட்டு ஜூன், ஜூலை வெயிலில், அதுவும் மழை பெய்து தரை நனைந்த பிறகு மேலே வருமாம். தொட்டால் அந்த இடத்திலேயே சாவு.

"மரணப் புழு" என்பது வெளிநாட்டுக்காரர்கள் வைத்த பெயர்.

இது எங்க இருக்காம்? கோபின்னா முழுக்க மணல்தானே, எங்க வேணா இருக்கலாம்ல?

கோபியின் பெரும்பகுதி மணல் இல்லை. சரளைக் கல், பாறை, உப்புப் படிந்த தரை, அங்கங்கே காய்ந்த புல், இதுதான் கோபி. மணல்மேடுகள் சிறு பகுதியில்தான் இருக்கின்றன. அவற்றில் பேர்பெற்றது ஹொங்கோரின் எல்ஸ். நூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும், சில இடங்களில் முந்நூறு மீட்டர் உயரம் வரை எழும். குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரிக்குப் போகும், கோடையில் 40 டிகிரியைத் தொடும். இந்த எண்களை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

புழுக் கதைகள் அதிகம் கேட்பது ஒம்னோகோவி என்ற தெற்கு மாகாணத்தில். அதன் தலைநகர் தலன்சத்கத். சக்ஸால் என்ற கட்டைப் புதர் வளரும் மணற்பாங்கான இடங்களையும், புதர்களின் வேரில் ஒட்டி வளரும் கோயோ என்ற ஒட்டுண்ணிச் செடியையும் சேர்த்தே சொல்வார்கள். அந்தச் செடியின் பக்கத்தில் புழு இருக்கும் என்பது வழக்கு.

வெளியுலகத்துக்கு முதல்ல யார் சொன்னது?

ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ். நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஆள். 1920களில் கோபிக்குப் பல ஆய்வுப் பயணங்களை நடத்தியவர். 1923-ல் பாயன்சாக் என்ற செம்பாறைச் சரிவில் டைனோசர் முட்டைகளைக் கண்டெடுத்தது இவருடைய குழுதான்.

1922-ல் அனுமதி வாங்குவதற்காக இவர் மங்கோலியத் தலைநகரில் பிரதமரையும் மந்திரிகளையும் சந்தித்தார். பேச்சு முடியும் நேரத்தில் பிரதமர், முடிந்தால் எங்கள் அரசுக்காக ஒரு ஒல்கோய் ஹோர்ஹோயைப் பிடித்துத் தாருங்கள் என்று கேட்டார். இந்தச் சந்திப்பை ஆண்ட்ரூஸ் 1926-ல் வெளியான தன் புத்தகத்தில் எழுதினார். இறைச்சியைக் குடலில் அடைத்துச் செய்வார்களே சாசேஜ், அந்த வடிவம், இரண்டடி நீளம், தலையும் இல்லை காலும் இல்லை, தொட்டாலே உடனடி மரணம் என்பதுதான் அவருக்குச் சொல்லப்பட்ட வர்ணனை. இன்று இணையத்தில் சுற்றும் புழுவுக்கு மூலம் இந்தச் சில வரிகள்தான். அவற்றில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பதைக் கவனியுங்கள். மின்சாரம் இல்லை, துப்பும் அமிலம் இல்லை, வட்ட வாயும் பல் வரிசையும் இல்லை.

பிரதமரே கேட்டாருன்னா அரசாங்கமே நம்பிச்சுன்னுதானே அர்த்தம்?

நம்பினார்கள். ஆனால் யார் பார்த்தது என்று கேட்டால்தான் விஷயம் சுவாரசியமாகிறது. அந்த அறையில் இருந்த ஒருவர்கூட அதைப் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு உயிரோடு திரும்பிய ஒரு மனிதனைத் தெரியும் என்றார் பிரதமர். உடனே ஒரு மந்திரி, காலமான தன் மனைவியின் சகோதரிக்கு உறவுக்காரர் ஒருவரும் பார்த்திருக்கிறார் என்றார். (மனைவியின் சகோதரிக்கு உறவு என்றால் மனைவிக்கும் உறவுதானே, ஏன் சுற்றி வளைத்துச் சொன்னார் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.)

ஊர்க் கதைகளின் போக்கு தெரிந்தவர்களுக்கு இது பழகிய விஷயம். பேயைப் பார்த்தவர் எப்போதும் பக்கத்து ஊரில்தான் இருப்பார். ஆண்ட்ரூஸுக்கும் இது புரிந்திருந்தது. நீளமான இரும்பு இடுக்கியால் பிடித்து வருகிறேன், பார்த்தாலே ஆபத்து என்பதால் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்கிறேன் என்று முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு வாக்குக் கொடுத்தாராம். 1930 வரை நடந்த பயணங்களில் அவர் குழு எலும்பாக எவ்வளவோ கொண்டுவந்தது. புழு மட்டும் அகப்படவில்லை.

கரண்ட் அடிச்சுக் கொல்லுமாமே, உண்மையா?

எல்லோரும் கேட்பது இதைத்தான். பதில் இரண்டு பகுதி: இந்த மின்சாரம் கதைக்குள் எப்படி வந்தது, உடலியல் இதற்கு இடம் கொடுக்கிறதா.

முதலாவது. இவான் யெஃப்ரெமோவ் என்று ஒரு சோவியத் தொல்லுயிரியலாளர், அறிவியல் புனைகதை எழுத்தாளரும்கூட. 1944-ல் இந்தப் புழுவை வைத்து ஒரு சிறுகதை வெளியிட்டார். அதில் இரண்டு பேர் புழுவை நெருங்கப்போய், அது தொடாமலே தூரத்திலிருந்து கொன்றுவிடுகிறது. மின்சாரமா, தெளிக்கும் நஞ்சா என்று கதையில் வருகிறவர்களுக்கே தெரிவதில்லை. இதில் வேடிக்கை, யெஃப்ரெமோவ் மங்கோலியாவுக்குள் முதலில் கால் வைத்ததே 1946-ல்தான். அதற்கு முன்பே கதை அச்சாகிவிட்டது. அதன் முதல் தலைப்பில் புழுவின் பெயர், ஆண்ட்ரூஸ் தப்பும் தவறுமாக எழுதிய அதே உச்சரிப்பில் இருந்தது. ஆக, கதைக்கு விதை எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம். பிறகு அவர் அங்கே போனபோது தலன்சத்கத்தில் ஒரு முதியவர், தென்கிழக்கே நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மணல்மேடுகளில் அது இருக்கிறது, கடும் வெயில் மாதங்களில் மட்டும் வெளியே வரும் என்று சொன்னதாக எழுதியிருக்கிறார். மேய்ப்பர்கள் பக்கம் கதை இருந்தது உண்மைதான். மின்சாரத்தை அதில் ஏற்றியது ஒரு புனைகதை எழுத்தாளரின் கை என்பது என் கணிப்பு.

இரண்டாவது. மின்சாரம் பாய்ச்சும் விலங்குகள் இருக்கின்றன. தென்னமெரிக்க மின்விலாங்கு இனம் ஒன்று 860 வோல்ட் வரை தருவதாக 2019-ல் அளந்தார்கள். ஆனால் இந்த மாதிரிப் பலத்த அதிர்ச்சி கொடுப்பவை எல்லாமே மீன்கள். தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் வேலை நடக்கும். காய்ந்த மணலும் வறண்ட காற்றும் கடத்தாது. நாலடி தள்ளி நிற்கும் மனிதன்மீது காற்றின் வழியாக மின்னல் பாய்ச்ச வேண்டுமென்றால் லட்சக்கணக்கான வோல்ட் வேண்டும். அதைத் தாங்கும் சதை எதுவும் இல்லை. முதலில் அந்தப் புழுதான் செத்துப்போகும்.

சரி, கரண்ட் வேணாம். விஷத்தைத் துப்பலாம்ல? பாம்பே துப்புதே!

துப்பலாம். அதனால்தான் கதையிலேயே கொஞ்சம் கௌரவமான பகுதி இது. ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் விஷம் பீய்ச்சும் நாகங்கள் உண்டு. குறி கண்தான். கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது, கவனிக்காவிட்டால் பார்வை போகும். ஆனால் தோலில் பட்டதும் ஆள் செத்து விழுவதில்லை, இரும்பும் அரிக்கப்படுவதில்லை. மரணப் புழு துப்பும் மஞ்சள் திரவம் உலோகத்தையே அரிக்கும் என்கிறார்கள். அப்படி ஒன்றைச் சுரக்கிற பை முதலில் எதனால் ஆனதாக இருக்க வேண்டும்?

தொட்டாலே சாவு என்பதற்கு நெருங்கி வரும் பிராணி ஒன்றே ஒன்று நினைவுக்கு வருகிறது. கொலம்பியாவின் தங்க நிற நச்சுத் தவளை. அதன் தோல் நஞ்சை எம்பெரா பழங்குடியினர் ஊதுகுழல் அம்பு முனையில் தடவினார்கள். அதற்கும்கூட நஞ்சு காயம் வழியாகவோ வாய் வழியாகவோ உள்ளே போக வேண்டும்.

பாலைவனத்தில் புழு எப்படி வாழும்?

மண்புழு மாதிரியான புழு என்றால், வாழாது. மண்புழுவுக்கு நுரையீரல் இல்லை, ஈரமான தோல் வழியாகத்தான் மூச்சு. மழைக்குப் பிறகு சிமெண்ட் தரையில் ஏறிவந்து வெயிலில் சுருண்டு கிடப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். சுள்ளென்று வெயில் அடிக்கும் ஜூலை மணலில், இரண்டடி நீளத்துக்கு, கை தடிமனில் அப்படி ஒரு உடம்பு ஒரு பகலைக்கூடத் தாண்டாது.

எனவே மணலுக்கு மேலே ஏதாவது நெளிந்திருந்தால் அதற்கு நீரை விடாத தோல் இருந்திருக்க வேண்டும். அதாவது செதில். அதாவது ஊர்வன. புழுவை நம்புகிற விலங்கியலாளர்களும் நம்பாதவர்களும் இந்த ஒரு இடத்தில் ஒத்துப்போகிறார்கள்.

அப்போ அந்த மக்கள் பார்த்தது என்ன?

பெரும்பாலும் டார்ட்டர் மணல் போவா என்று சொல்லலாம். மத்திய ஆசியாவிலிருந்து தெற்கு மங்கோலியா, வட சீனா வரை வாழும் பாம்பு. விஷம் கிடையாது. இரையை இறுக்கிக் கொல்லும். அதிகம் போனால் மூன்று அடி.

இதை நேரில் பார்த்தால் ஏன் சந்தேகப்படுகிறேன் என்று புரியும். கழுத்து என்று ஒரு இடமே கிடையாது, தலை அப்படியே உடம்போடு ஓடிவிடும். வால் கூராக இல்லாமல் மொட்டையாக முடியும். கண் கடுகளவு, அதுவும் தலையின் மேல்பக்கமாக, மணலுக்குள் கிடந்தபடியே வெளியே பார்க்கத் தோதாக இருக்கும். எலியை விழுங்கிய பிறகு நடு உடம்பு உப்பி, ஆண்ட்ரூஸ் எழுதிய சாசேஜ் வடிவம் அச்சாக வந்துவிடும். மணலின் மேல்தோலுக்கு அடியிலேயே நகரும், மேலே மணல் மட்டும் அலைபோல் எழுந்து நகர்வது தெரியும். ஒல்கோய் ஹோர்ஹோய் வருவதை இதே மாதிரிதான் வர்ணிக்கிறார்கள். மேலே சொன்ன மைனஸ் 40 குளிருக்கு இது ஆழத்தில் போய் உறங்கிவிடும். வெயில் காலத்தில்தான் கண்ணில் படும் என்ற கதைக்கும் அது ஒத்துவருகிறது.

1983-ல், ஒல்கோய் ஹோர்ஹோயைப் பார்த்ததாகச் சொன்ன உள்ளூர்க்காரர்களிடம் இந்த மணல் போவா ஒன்றைக் காட்டியபோது, இதுவேதான் என்று உறுதிசெய்தார்கள். எல்லாம் பொருந்திவிட்டது என்று சொல்ல மாட்டேன். நிறம் இடிக்கிறது. போவா மணல் நிறம், பழுப்புத் திட்டுகள், கருஞ்சிவப்பு இல்லை. ஐந்தடி நீளமும் இடிக்கிறது. ஆனால் பயந்தவன் பார்த்த பாம்பு எப்போதும் ஒரு முழம் கூடத்தான் இருக்கும்.

நம்ம ஊர் மண்ணுளிப் பாம்பு மாதிரியா?

மாதிரி இல்லை, சொந்தக்காரனே. இரண்டும் எரிக்ஸ் என்ற ஒரே பேரினம். நம் மண்ணுளிப் பாம்புக்கும் வால் மொட்டை. மிரண்டால் தலையை உடம்புக்கு அடியில் ஒளித்துக்கொண்டு வாலைத் தூக்கிக் காட்டும். அதனால்தான் இருதலை மணியன் என்று பெயர்.

இங்கே அதற்கு என்ன கதை கட்டினோம் பாருங்கள். நக்கினால் குஷ்டம் வரும் என்று ஊர் ஊராகச் சொல்கிறார்கள். விஷமே இல்லாத, கடிக்கவே யோசிக்கிற ஒரு பாம்பு! அப்புறம் இன்னொரு கூட்டம், இதை வைத்திருந்தால் கோடி கோடியாகப் பணம் வரும் என்று சொல்லி விற்றது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம், இருந்தும் கடத்தல் வழக்குகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. தலை தெரியாத, மணலில் மறையும், சாதுவான ஒரு பாம்பைப் பற்றி நம்மாலேயே இவ்வளவு கட்ட முடிந்தது. ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் குதிரைப் பயணம் தேவைப்பட்ட நாட்டில் "தொட்டால் சாவு" என்று கட்டியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

புழுப் பல்லின்னு ஒண்ணு சொல்றாங்களே, அதுவா இருக்குமோ?

ஆம்ஃபிஸ்பீனியன் என்ற ஊர்வன வகையைச் சொல்கிறீர்கள். பாம்பும் இல்லை, சாதாரணப் பல்லியும் இல்லை. செதில்கள் உடம்பைச் சுற்றி வளையம் வளையமாக இருப்பதால் அச்சு அசல் மண்புழுவாகத் தெரியும். ஏறத்தாழ 200 இனங்கள். இங்கிலாந்து விலங்கியலாளர் கார்ல் ஷுக்கர் 1990களில் இந்தப் புழுவை ஆங்கில வாசகர்களிடம் பிரபலமாக்கியபோது இந்த யோசனையையும் பரிசீலித்தார். 2005-ல் கோபிக்குப் போய்த் தேடிய ரிச்சர்ட் ஃப்ரீமனும் இந்தப் பக்கம் சாய்ந்தவர்.

தோற்றத்தில் போவாவைவிட நன்றாகவே பொருந்துகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மங்கோலியாவில் இந்த வகை இருப்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா, மத்திய தரைக்கடல் ஓரம், மேற்கு ஆசியா என்று வெப்பப் பகுதிகளில்தான் வாழ்கிறது. பெரும்பாலானவை ஓரடிகூட வராது. இருக்கிற பாம்பை விட்டுவிட்டு இல்லாத பல்லியை ஏன் கொண்டுவர வேண்டும்?

யார் யார் தேடிப் போனாங்க? எதுவுமே கிடைக்கலையா?

அதிகம் அலைந்தவர் செக் நாட்டு இவான் மக்கெர்லே. யெஃப்ரெமோவின் கதையைச் சிறு வயதில் படித்து மனதில் பதிந்துபோனவர். மங்கோலியாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி தளர்ந்த பிறகு 1990, 1992, 2004 என்று மூன்று முறை போனார். புழு வரட்டும் என்று தரையைத் தொடர்ந்து இடிக்கும் கருவியை வைத்துப் பார்த்தார், சின்னச் சின்ன வெடிகளும் வைத்தார். பாம்புகளோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், தரை அதிர்ந்தால் ஊர்வன ஓடும், விருந்துக்கு வராது.

அவருக்குப் பின் ஃப்ரீமன் குழு, 2009-ல் நியூசிலாந்துத் தொலைக்காட்சி நிருபர் டேவிட் ஃபாரியர், அமெரிக்க சாகச நிகழ்ச்சிக்காரர்கள் எனப் பலர் போனார்கள். எல்லோரும் கொண்டுவந்தது ஒன்றுதான்: பேட்டிகள். ஆனால் மக்கெர்லே சேகரித்த பேட்டிகள் இல்லையென்றால் இன்று நமக்குத் தெரிந்த பாதிக் கதைகள் எழுத்தில் வந்தே இருக்காது. அதற்காக அவரை மதிக்கிறேன்.

மஞ்சப் பெட்டி, சின்னப் பையன் கதை உண்மைச் சம்பவம்னு போட்டிருந்தாங்களே?

மக்கெர்லே கேட்டு எழுதிய கதை. மேய்ப்பர் கூடாரத்துக்கு வெளியே ஒரு சிறுவன் மஞ்சள் நிறப் பெட்டியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். அதற்குள் புழு ஏறிவிட்டது. பையன் கையை விட்டான், செத்தான். பெற்றோர் மணலில் தெரிந்த தடத்தைப் பிடித்துக்கொண்டே போய் அதைக் கொல்லப் பார்க்க, அவர்களும் செத்தார்கள். மஞ்சள் நிறம் புழுவை இழுக்கும் என்ற நம்பிக்கைக்கு இந்தக் கதைதான் சாட்சியாகக் காட்டப்படுகிறது. மணலைக் கம்பியால் குத்திக்கொண்டிருந்த ஒரு நிலவியலாளர் பொத்தென்று விழுந்து செத்தார் என்பது இன்னொரு கதை.

யார் பிள்ளை, எந்த ஊர், எந்த வருடம், எதுவும் கிடையாது. அதோடு ஒரு இடறல்: பையனும் செத்தான், பெற்றோரும் செத்தார்கள் என்றால், புழு பெட்டிக்குள் ஏறியதைப் பார்த்துச் சொன்னது யார்? பொய் என்று ஒதுக்க இதைச் சொல்லவில்லை. கண்டதைப் போய் நோண்டாதே, பெட்டிக்குள் பார்க்காமல் கை விடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை இது. அந்த வேலைக்கு அச்சமும் சாவும்தான் தேவை, தேதி தேவையில்லை.

டியூன் படத்துல வர்ற ராட்சதப் புழு இதைப் பார்த்து எடுத்ததுதானே?

அப்படிச் சொல்ல ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. தலைகீழாக நடந்தது மட்டும் தெரியும். படத்துக்கு மூலமான டியூன் நாவல் 1965-ல் வந்தது. அதில், தரையைத் தாளம்போல் இடித்துப் புழுவை வரவழைக்கும் கருவி ஒன்று வரும். மக்கெர்லே தன் இடிக்கும் கருவிக்கு யோசனை எடுத்தது அங்கிருந்துதான். நாவல் பாலைவனத்தைப் பார்த்ததோ இல்லையோ, பாலைவனத்துக்குப் போனவர் நாவலைப் படித்திருந்தார்.

ஃபோட்டோல்லாம் இருக்கே, வட்டமா வாய், சுத்தி பல்லு?

அதில் நிறைய ஓவியம். ஒரு பெல்ஜிய ஓவியர் வரைந்த படம் கலைக்களஞ்சியப் பக்கங்கள் வரை போய்விட்டது. அவர் கற்பனை என்று சொல்லியே வரைந்தார், பகிர்கிறவர்கள்தான் அதை வெட்டிவிடுகிறார்கள். மற்றவை கம்ப்யூட்டரில் செய்தவை, அல்லது ஈர நாட்டுக் காலில்லா நீர்நிலவாழி எதையாவது எடுத்துப் போட்டவை. வட்ட வாய், பல் வரிசை எல்லாம் சினிமா கொடுத்தது. மேய்ப்பர்கள் சொன்ன பிராணிக்குத் தலையே தெரியாது, அப்புறம் வாய் எங்கிருந்து?

சீலகாந்த் மீன் அழிஞ்சு போச்சுன்னாங்க, திடீர்னு கிடைச்சுது. இதுவும் அப்படி வரலாமே?

நல்ல கேள்வி. சீலகாந்த் 1938-ல் தென்னாப்பிரிக்காவில் இழுவலையில் வந்தது. ஆனால் அது ஆழ்கடல். யாரும் அதைத் தேடிக்கொண்டிருக்கவில்லை, எதிர்பார்க்காமல் கிடைத்தது. இங்கே நூறு வருடமாக ஆள் மாற்றி ஆள் தேடுகிறார்கள்.

இதைவிட நல்ல உதாரணம் வியட்நாமின் சாவோலா. 1992-ல்தான் விஞ்ஞானிகளுக்குத் தெரியவந்த பெரிய விலங்கு. எப்படித் தெரிந்தது? வேட்டைக்காரர்கள் வீட்டுச் சுவரில் அதன் கொம்பு மாட்டியிருந்தது. ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த நிஜ விலங்கு ஏதாவது ஒரு தடயத்தை வீட்டில் விட்டுவைக்கும்: கொம்பு, தோல், பல், வைத்தியத்துக்கு எடுத்துவைத்த கொழுப்பு. ஒல்கோய் ஹோர்ஹோயின் ஒரு முள்ளெலும்புகூட எந்தக் கூடாரத்திலும் இல்லை. தொட்டால் சாவு, அதனால் யாரும் எடுக்கவில்லை என்று பதில் வரும். இறந்த உடம்பைத் தேடிவரும் கழுகுக்கும் நரிக்கும் அந்தப் பயம் இருக்காதே.

கோபி எவ்வளவு பெரிசு! தேடாத இடம் எங்கயாவது இருக்கும்ல?

இருக்கும். பதின்மூன்று லட்சம் சதுர கிலோமீட்டர் என்று சொல்வார்கள். ஆனால் அதே கோபியில் கோபிக் கரடி என்று ஒன்று இருக்கிறது. உலகத்தில் மிச்சம் இருப்பதே ஐம்பதுக்குக் குறைவு. அதைக் கேமரா வைத்துப் படம் பிடித்திருக்கிறார்கள், கம்பியில் சிக்கிய முடியிலிருந்து மரபணு எடுத்து எத்தனை என்று எண்ணியிருக்கிறார்கள். ஐம்பது கரடி அகப்படுகிற இடத்தில், ஒரு இனமாகத் தொடர்ந்து குட்டி போடத் தேவையான எண்ணிக்கையில் புழுக்கள் மட்டும் தப்புவது கஷ்டம்.

இன்னொன்று. ஒம்னோகோவி இப்போது ஆளில்லாக் காடு இல்லை. ஓயூ தொல்கோய் தாமிரச் சுரங்கமும், தவான் தொல்கோய் நிலக்கரியும் அங்கேதான். ராட்சத இயந்திரங்கள் பல வருடமாகத் தோண்டுகின்றன, சீன எல்லைக்கு லாரிகள் வரிசைகட்டி ஓடுகின்றன. லாரிச் சக்கரத்தில் நசுங்கியதாகவாவது ஒன்று வந்திருக்க வேண்டும்.

அப்போ மங்கோலியர்கள் எல்லாரும் பொய் சொல்றாங்களா?

இல்லவே இல்லை. இந்தக் கேள்வியில்தான் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். ஆடு, மாடு, குதிரை, ஒட்டகம் என்று மந்தையை ஓட்டிக்கொண்டு பருவத்துக்கு ஒரு இடம் மாறுகிற குடும்பங்கள் அவை. அந்தத் தரையை அவர்கள் அளவுக்கு யாரும் படித்ததில்லை. அங்கே நிஜமாகவே ஒரு விஷப் பாம்பு இருக்கிறது, ஹேலிஸ் குழிவிரியன். பெரியவர்களை அது கொல்வது அரிது, ஆனால் கடித்தால் வேதனையும் வீக்கமும் பொறுக்காது. காலையில் ஓர் ஆட்டுக்குட்டி காரணம் தெரியாமல் செத்துக் கிடக்கிறது, சற்றுத் தள்ளி மணலுக்குள் மொட்டையாக ஏதோ புதைந்து மறைகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில் தப்பு என்ன?

மேலே மின்சாரக் கேள்வியில் பார்த்தபடி, மேய்ப்பர்கள் சொன்னது ஒன்று, வெளியாட்கள் அதன்மேல் ஏற்றியது வேறு. இன்று மங்கோலியாவிலேயே இளையவர்கள் இணையத்தில் படித்துவிட்டு அந்த ஏற்றிய பகுதியையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அதனால் இப்போது போய் எடுக்கும் பேட்டி எதிலும் எது பழசு எது புதுசு என்று பிரிப்பது லேசான வேலை இல்லை. ஆண்ட்ரூஸ் எழுதிய சில வரிகளை நான் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொள்வது அதற்காகத்தான்.

நான் அடுத்த கோடையில் கோபி போறேன். பயப்படணுமா?

புழுவுக்குப் பயப்பட வேண்டாம். தண்ணீர் போதுமான அளவு எடுத்துப் போங்கள், வண்டி ஒன்றுக்கு இரண்டாகப் போனால் நல்லது. பகல் கொதித்தாலும் இரவு குளிரும். கூடாரத்துக்கு வெளியே கழற்றிய ஷூவைக் காலையில் தட்டிவிட்டுப் போடுங்கள். புதருக்குள்ளும் கல்லுக்கடியிலும் பார்க்காமல் கை விட வேண்டாம், மேலே சொன்ன குழிவிரியன் அங்கேதான் கிடக்கும். மஞ்சள் சட்டை தாராளமாகப் போடலாம்.

விருந்தினராகப் போகும் வீட்டில் இந்தக் கதையைக் கேட்டால், சிரிக்காமல் கேளுங்கள். ஆபத்தான விலங்குகளைப் பேர் சொல்லிப் பேசுவதைத் தவிர்க்கும் வழக்கம் அங்கே உண்டு. ஓநாயையே நேராகப் பெயர் சொல்லாமல் சுற்றி வளைத்துச் சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். வற்புறுத்தினால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

சரி சார், எது கிடைச்சா நீங்க நம்புவீங்க?

பெரிதாக ஒன்றும் வேண்டாம். முழு உடம்பு கிடைத்தால் சந்தோஷம், புது இனத்துக்குப் பெயர் வைக்க வழக்கமாகக் கேட்பதும் அதுதான். இல்லையென்றால் ஒரு தோல்துண்டு, எச்சம், நாலு செதில், எது இருந்தாலும் மரபணு எடுத்துவிடலாம். உரித்த சட்டை முழுசாகக் கிடைத்தால் அது ஊர்வன என்று அப்போதே தெரிந்துவிடும், மண்புழு சட்டை உரிக்காது. உலர்ந்த எச்சம் என்றால் கையால் தொடாமல் காகித உறையில் போட்டு, எடுத்த இடத்தையும் தேதியையும் எழுதி, அதை உலான்பாதரில் உள்ள அருங்காட்சியகத்திலோ பல்கலைக்கழகத்திலோ கொடுங்கள். அனுமதியில்லாமல் நாட்டைவிட்டு வெளியே கொண்டுவராதீர்கள், அது சட்டப்படி தப்பு. எனக்கு வீடியோ மட்டும் அனுப்ப வேண்டாம், அதுதான் ஏற்கெனவே மலைபோல் குவிந்து கிடக்கிறது.